நொண்டிக்காலும் கழுத்தழகியும்

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன்.

செல்போன் டவர் உச்சியில் சீக்குப் பறவைகளுக்கென்று ஒரு குரூப் இருந்தது. சாயங்காலமானால் கூடி, ஒன்றுக்கொன்று ஆறுதல் சொல்லிக்கொள்ளும். அங்கே நோய்தான் பேர். காக்கா 'மூச்சிரைப்பு', புறா 'கண்புரை', மைனா 'நொண்டிக்கால்'.

ஒருநாள் கீழே வயலில் மைனா நேராக நடந்து மேய்வதைக் காக்கா பார்த்துவிட்டது.

"கால்தான் நல்லாயிடுச்சே. அப்புறம் ஏன்டி அங்க வந்து நொண்டுற?"

"நல்லாயிட்டா அங்க நான் யாரு, அக்கா? என்னைச் சேர்த்துக்குவாங்களா?"

அன்று சாயங்காலம் மைனா நொண்டிக்கொண்டு வந்ததும், "வாடி மஞ்சமூக்கி, ஒரு பாட்டுப் பாடு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி காக்கா கூப்பிட்டது.

"நம்ம நொண்டிக்காலையா சொல்ற?" என்றது புறா.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே, கழுத்தழகி" என்று புறாவின் மினுமினுக்கும் கழுத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காக்கா நகர்ந்து மைனாவுக்கு இடம் விட்டது.