சாட்சித் திட்டு

புல் கையோடு வந்துவிட்டது. விடிகிற நேரத்தில் பாகூர் ஏரிக்குள் தனியாகக் குந்தியிருந்த பக்கிரிக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது. பெயர்க்க அரை மணி ஆகும் என்று பயந்தது, வெந்த அடை கல்லை விட்டுக் கிளம்புவதுபோல் ஒரே தூக்கில் வந்தது.

"அம்மன் கண்ணத் தொறந்துட்டா" என்று முணுமுணுத்தான். திருட்டு வேலைக்குச் சாமியை இழுக்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் வேறு யார் விழித்திருப்பார்கள்?

நாற்பது மீட்டர் நீளம், இருபத்தைந்து மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் தூர் வெட்ட வேண்டும் என்பது பிரெஞ்சு சர்க்கார் உத்தரவு. பக்கிரி பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவனில்லை. இருந்தாலும் மூன்றையும் பெருக்கினால் ஆயிரம் கன மீட்டர் என்பது அவன் முதுகெலும்புக்குத் தெரியும்.

எண்பது சென்டிமீட்டரில் சுக்கான் பாறை வந்து நின்றது. கடப்பாறைதான் வளைந்தது. நேற்று மதியம் கோல் வைத்துப் பார்த்தான். ஒரு சாண் குறை. அளவு தப்பினால் மராமத்து அதிகாரி கூலிக்குக் கையெழுத்துப் போட மாட்டார். அவனோடு மண் வெட்டிய பன்னிரண்டு வீட்டு அடுப்புகள் அந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்துக்கிடந்தன.

சாயங்காலம் பொண்டாட்டி தையலம்மாளிடம் புலம்பினான். "ஒரு சாண் கொறையுதுடி. நாளைக்கு நம்ம பொழப்பு கந்தல்தான்."

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு ஆட்டுக்குப் புல்லறுக்கப் போய்விட்டாள். தன் யோசனையை அவளிடம் அவன் சொல்லவில்லை. பொய் என்றால் அவளுக்குச் சோறு இறங்காது.

யோசனை சின்னதுதான். குழிக்கு நடுவே அரை மீட்டர் சதுரத்துக்குப் பழைய தரையைப் புல்லோடு தொடாமல் விட்டுவைப்பார்கள். அதுதான் சாட்சித் திட்டு. அதன் உச்சியிலிருந்து அடிவரை எவ்வளவோ, அவ்வளவு ஆழம். பாறையில் இருநூறு கன மீட்டர் வெட்டுவதும், திட்டின் தலையில் ஒரு சாண் மண்ணை வைத்துக் கால் சதுர மீட்டர் புல்லால் மூடுவதும் அதிகாரியின் கோலுக்கு ஒன்றுதான்.

மண்ணை வைத்தான். கையால் சாண் போட்டான். நாலு பக்கமும் சீவி, புல்லைத் தொப்பிபோல் கவிழ்த்துவிட்டு எழுந்தான்.

ஒன்பது மணிக்குக் குடையும் மீட்டர் கோலுமாக மராமத்து அதிகாரி ஆதிமூலம் முசே வந்தார். "கூடவும் கூடாது, கொறையவும் கூடாதுன்னு சொன்னேனே, நெனப்பிருக்காடா? மதகு மட்டத்துக்குக் கீழ போனா தண்ணி வயலுக்கு ஏறாது."

"அளந்து பாருங்க முசே. நூலெழ தப்பாது."

அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளந்தார்.

"ஒரு மீட்டர் இருபது. எவண்டா ஒன்ன இவ்ளோ வெட்டச் சொன்னது? இருநூறு கன மீட்டர் மண்ணத் திரும்ப அள்ளிக் கொட்டி மட்டம் பண்ணு. அப்பறம் பாக்கலாம் கையெழுத்த."

பக்கிரி குழியையும் திட்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஆழம் அவ்வளவு இல்லை என்று சொன்னால் திட்டைக் குடைந்து பார்ப்பார். பார்த்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். பதினாறு நாள் சுமந்து ஏற்றிய மண் கரைமேல் மலையாக நின்று அவனைப் பார்த்தது. எண்பதும் இருபதும் நூறுதானே? மேல்கொண்டு இருபது எங்கிருந்து முளைத்தது?

முதல் கூடையை அவன் தலையில் தூக்கிவிட வந்த தையலம்மாள், நிமிராமலே சொன்னாள்.

"யோவ், ஒரு சாண் நான் நேத்தே வெச்சிட்டேன்யா."