ஜூன் மாதத்து ஷூ

கட்டபெட்டில் வீடு வீடாகப் போய் மக்காத குப்பையை வாங்குவதும், கொட்டகையில் உட்கார்ந்து அதைத் தரம் பிரிப்பதும் ரசியாவின் வேலை. ஜூடித் டீச்சர் வீட்டுப் பையைத் திறந்தால் அவளுக்கு மனசு குளிரும். பால் கவர்களைக் கழுவி, காயவைத்து, மடித்துப் போட்டிருப்பார் டீச்சர்.

அந்தப் பையில்தான் ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதத்தில் ஒரு ஜோடி ஷூ வருகிறது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் போடும் கறுப்பு ஷூ. குதிகால் தேய்ந்து, அடியில் ஈரச் செம்மண் அப்பியிருக்கும். டீச்சரின் ஒரே மகள் கெஸியா இறந்து நாலு வருஷமாகிறது. ஒன்றாம் வகுப்பைக்கூட அவள் முடிக்கவில்லை. ஷூ மட்டும் வருஷத்துக்கு ஒரு நம்பர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

டீச்சர் மனசு நோகுமே என்று ரசியா இதுவரை வாய் திறக்கவில்லை. ஆனால் இந்த வருஷத்து ஷூவை மூட்டையில் போட அவளுக்குக் கை வரவில்லை. லேஸில் குழந்தை போட்ட அவசர முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. மத்தியானம் அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

“தப்பா நெனைக்காதீங்க டீச்சர். இது உங்க பையில இருந்துச்சுங்க.”

டீச்சர் ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “குப்பையிலயா போட்டுட்டுப் போறா?” என்றவர், முன்பக்கக் கிழிசலை விரலால் தடவினார். “சின்னதாகி விரலக் கடிச்சிருக்குங்க, ரசியா. வாயத் தொறந்து சொல்லவே மாட்டா.”

பிறகு குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“இந்த வருசம் ரெண்டு நம்பர் பெருசாவே வாங்கி வெச்சுடறனுங்க.”