கயிறு கட்டிய அட்டைப்பெட்டி

ஷார்ஜாவில் பதினோரு வருஷமாக ஸ்டோர்கீப்பராக இருக்கும் பாலகுரு, லீவு என்றால் ஊருக்குத்தான் போவான். இந்த முறை மெல்பர்னில் மச்சினன் வீடு. நடுவில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் ஏதோ ஆட்டுப்பண்ணை ஊரில் அவனும் மனைவி சங்கீதாவும் தனியாக. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வரும் தேனிலவு.

"அங்கயும் அட்டைப்பொட்டி கட்டி மானத்த வாங்காதீங்க," என்றாள் சங்கீதா, புது மஞ்சள் சேலையைத் தேய்த்தபடி.

பெட்டிக்குக் கயிறு கட்டி, நாலு பக்கமும் மார்க்கரில் பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் எழுதாமல் அவன் விமானம் ஏறியதே இல்லை. ஆனாலும் சம்மதித்தான்.

அறை பதிய அந்த ஊர் விடுதிக்கு போன் போட்டான். பெயரைக் கேட்டதும் விடுதிக்காரம்மாள் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னாள்.

"மறுபடியும் வருகிறீர்களா? உங்கள் அட்டைப்பெட்டி பத்திரமாக இருக்கிறது."

தான் அங்கே வந்ததே இல்லை என்று சிரித்தான். அவள் பெட்டியில் இருந்த நம்பரை நிதானமாக வாசித்தாள். போன வாரம் கைக்கு வந்த அவனுடைய புதுப் பாஸ்போர்ட்டின் நம்பர்.

"உள்ளே என்ன இருக்கிறது?"

"உங்கள் மனைவியின் துணிகள். அவள் இல்லாமல் எப்படி ஊருக்குக் கொண்டுபோவேன் என்று அழுதீர்களே. மேலே மஞ்சள் சேலை."

போனை வைத்தான்.

"ரூம் மாஃபி, இல்லையாம். ஆஸ்திரேலியாவே வேணாம் சங்கீதா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியை இழுத்து வந்து, மார்க்கரை அவன் கையில் வைத்தாள்.

"இதுக்குப் போயி கோவமா? ஒண்ணே ஒண்ணு கட்டிக்கிங்க. சேலைய மட்டும் மேலாப்புல வைங்க, கசங்கிரும்."