நூல் கோக்கும் பரீட்சை

தையல்காரர் தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக ஊசியில் நூல் கோப்பார். மனைவியும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அவருடைய அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நாற்பத்தைந்தில் கை நடுக்கம் தொடங்கியது. ஐம்பதுக்குள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவருக்கு இப்போது நாற்பத்தேழு.

“ரத்தத்தைச் சோதிச்சா தெரிஞ்சிடுமாம்ப்பா,” என்றாள் மகள்.

“என் ஊசி சொல்லாததையா டாக்டர் சொல்லிடப் போறான்?”

நூல் ஒரே தடவையில் உள்ளே போனது.

“பார்த்தியா? எனக்கு இல்லேன்னா உனக்கும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிடு.”

மகள் முகம் மலர்ந்து போனை எடுத்தாள்.

அப்போது வாடிக்கைக்காரர் ஒருவர் சட்டையோடு உள்ளே வந்தார். “என்னய்யா இது? பட்டன் தைக்க ஊசியால குத்தினியா, கடப்பாரையால குத்தினியா? எத்தனை பெரிய ஓட்டை!”

தையல்காரர் சட்டையைப் பார்த்தார். கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். இழுப்பறையைத் துழாவி, எப்போதோ விழுந்து கிடந்த பழைய ஊசியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கையிலிருந்தது கம்பளி தைக்கிற ஊசி.

“ஊசி வாங்கி வைக்கிறது நீதானே?” என்றார் மனைவியிடம்.

“ஒரேயடியா மாத்தலைங்க. உங்க கை தடுமாறினப்பல்லாம் ஒரு நம்பர் பெரிசா வாங்கி வச்சேன்.”

மகள் கையிலிருந்த போனில் யாரோ “ஹலோ, ஹலோ” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதுக்கு மேல கோணி ஊசிதாங்க இருக்காம்.”