இன்டர்வியூவுக்கு வந்த முடி

“அது உங்க சொந்த முடிதானா?”

மேனேஜர் நாதன் இப்படிக் கேட்டதும் மோனிக்காவுக்குச் சுருக்கென்றது.

பினாங்கு ஜார்ஜ் டவுன் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்கு இன்டர்வியூ. இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. படிப்பைக் கேட்டார். முன்பு பார்த்த வேலையைக் கேட்டார். ரூம் பிடிக்கவில்லை என்று சத்தம் போடுகிறவரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்றுகூடக் கேட்டார்; அவள் சொன்ன பதிலுக்குச் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் தலைக்குப் போன பார்வை, அங்கேயே நின்றுவிட்டது.

“சொந்த முடிதான் சார். அப்பா ஆப்பிரிக்காவுல கானா நாட்டுக்காரர். பினாங்குக்குப் படிக்க வந்தவர், எங்கம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கேயே இருந்துட்டார்.”

காலையில் பாயான் பாரு வீட்டில் அம்மா லீனா கெஞ்சியிருந்தார். “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அயர்ன் போட்டு நேராக்கிக்கலாம்லா. வேலை கிடைச்சப்புறம் உன் இஷ்டம்.”

“நேராக்கிட்டுப் போனா, வேலை வேற யாருக்கோ கிடைச்ச மாதிரிம்மா” என்று சொல்லிவிட்டு, தலையைச் சுற்றி வட்டமாக எழும்பி நிற்கும் சுருட்டை முடியோடு அப்படியே கிளம்பி வந்திருந்தாள்.

“இதுல சீப்பு இறங்குமா?” நாதன் விடுவதாக இல்லை.

“இறங்கும் சார். காய்ஞ்ச முடியில சீப்பு வச்சா வலிக்கும், ஒடியும். ஈரமா இருக்கும்போது கண்டிஷனர் தடவி, பெரிய பல் சீப்பால நுனியிலருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல போகணும்.”

“நுனியிலருந்தா?”

“ஆமா. எல்லாரும் உச்சியிலருந்து இழுப்பாங்க. அங்கதான் தப்பு.”

“தினமும் தலைக்கு ஊத்தணுமா?”

“வாரத்துக்கு ஒரு தடவை போதும்.”

“என்ன எண்ணெய்?”

மோனிக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். இவருக்கு வரவேற்பு மேசைக்கு ஆள் வேண்டுமா, இல்லை வேடிக்கை பார்க்க ஏதாவது வேண்டுமா?

இந்த மாதிரிப் பார்வை அவளுக்குப் புதிதில்லை. ஸ்கூலில் அவளுக்கு ‘மீ தலை’ என்று பெயர், நூடுல்ஸ் மாதிரித் தலையாம். பதின்மூன்று வயதில் அம்மா முதல் தடவையாகச் சலூனுக்குக் கூட்டிப் போனார். அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மருந்து போட்டு நேராக்குவது வழக்கமானது. மண்டை எரியும். ‘பொறுத்துக்கோ, அழகா இருப்பே’ என்பார்கள். பத்தொன்பது வயதில் ஒரு நாள் குளிக்கும்போது கொத்தாகக் கையோடு வந்தது.

அன்றைக்கே ஒட்ட வெட்டிக்கொண்டாள். புதிதாக வளர்ந்த முடியில் தப்புத் தப்பாகச் செய்து, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் கண்ணாடி முன் நின்றபோது, அட, நம்ம முகத்துக்கு இதுதான்லா பொருத்தம் என்று தோன்றியது. அதன் பிறகு அவள் தன் முடிக்காக யாரிடமும் கூனிக் குறுகியதில்லை.

“ஸ்கூல்ல பிள்ளைங்க ரொம்பக் கேலி பண்ணியிருப்பாங்களே?” என்றார் நாதன்.

மோனிக்கா எழுந்துவிட்டாள்.

“சார், வேலைக்கு மனு போட்டது நான். என் முடி போடல. இந்த முடியோட நான் உங்க ஹோட்டல் வரவேற்புல நிக்கிறது உங்களுக்குச் சங்கடமா இருந்தா நேராவே சொல்லிடுங்க, போயிடுறேன். ஆனா இதை நேராக்கிட்டோ மறைச்சுக்கிட்டோ வர மாட்டேன்.”

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அது அவளுக்கே பிடித்திருந்தது.

நாதன் பதறிப்போய் எழுந்தார். “ஐயோ, இல்லம்மா. உட்காருங்க. தப்பாக் கேட்டிருந்தா மன்னிச்சிருங்க.”

கைப்பேசியைத் தடவி ஒரு படத்தை எடுத்து அவள் முன் வைத்தார். ஐந்து வயசு இருக்கும், ஒரு சின்னப் பெண். மோனிக்காவைப் போலவே சுருள் சுருளான முடி. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“காமினி. என் மக. போன மாசம்தான் தத்தெடுத்தோம். பெத்தவங்க இங்க படிக்க வந்த ஆப்பிரிக்காக்காரங்கன்னு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். தினமும் காலையில நானும் என் வைஃபும் சீப்போட போராடுறோம். அவ கத்துறா. யார்கிட்ட கேட்கிறதுன்னே தெரியலைம்மா.”

மோனிக்கா மெல்ல உட்கார்ந்தாள்.

“நேத்து அவளே கத்தரிக்கோலைத் தூக்கிட்டு வந்துட்டா. ‘அப்பா, வெட்டிடுங்க. அப்பதான் நான் அழகா இருப்பேன்’னு சொல்றா.” நாதன் கண்ணாடியைக் கழற்றினார். “வீட்டுக்கு வந்ததிலருந்து அவ என்னை அப்பான்னு கூப்பிட்டதே இல்ல. முதல் தடவையா கூப்பிட்டது இதுக்குத்தான்.”

மோனிக்கா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி அந்த முடியைக் கூர்ந்து பார்த்தாள்.

“ரொம்ப நல்ல முடி சார். காய்ஞ்சு போயிருக்கு, அவ்வளவுதான். சனிக்கிழமை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. எனக்கு வேலை குடுத்தாலும் சரி, குடுக்கலைன்னாலும் சரி, வாங்க. அவளையும் கண்ணாடி முன்னாடி உட்கார வச்சு, ரெண்டு பேருமா சேர்ந்து சீவுறோம்.”

நாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“சத்தம் போடுறவரை எப்படிச் சமாளிப்பேன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, வேலை உங்களுக்குன்னு அப்பவே முடிவாயிருச்சும்மா. அதுக்கப்புறம் கேட்டதெல்லாம் காமினியோட அப்பா.”