காளியப்பனுக்குக் காதுகுத்து

ஐம்பத்திரண்டு வயதில் காளியப்பன் தனக்குத்தானே காதுகுத்து வைக்கிறான் என்றதும் ராஜம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே என்ன? ஒரு வாரமாக அவள் காலிப் பால் டின்னைக் கையில் ஏந்திக்கொண்டு, ரப்பர் தோட்டத்துக் கூலிவீட்டு வரிசைகளில் லயம் லயமாக ஏறி இறங்குகிறாள். வெள்ளையம்மா மகன் மூர்த்திக்குக் கால் எலும்பில் சீழ் வைத்துவிட்டது. ஜோகூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுக்கணும், இன்னும் பத்து நாள் போனால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லிவிட்டார். ஐந்து வயசுப் பிள்ளை. அப்பனும் இல்லை. ரயிலுக்கு, மருந்துக்கு, தங்குவதற்கு என்று நாற்பது வெள்ளியாவது வேண்டும்.

டின்னில் விழுந்தது மூணு வெள்ளிச் சில்லறை. கூடவே ஒரு சட்டைப் பொத்தான்.

"கையில காசே இல்லக்கா. சம்பளம் வரட்டும், பார்க்கலாம் லா" என்று எல்லார் வாயிலும் ஒரே பாட்டு.

இந்த லட்சணத்தில்தான் காளியப்பன் வெற்றிலை பாக்கோடு அவள் வாசலில் வந்து நின்றான். ரப்பர் பால் நிறுக்கிற ஆள். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல காதுகுத்து தங்கச்சி. மச்சானையும் கூட்டிட்டு வந்துடணும்."

"யாருக்குண்ணே?"

"எனக்குத்தான்."

ராஜம்மா வாயைப் பிளந்தாள்.

"மூணு வயசுல என்னைக் கப்பலேத்திக் கொண்டாந்துட்டாங்க. குத்தாம விட்டுப்போச்சு. இப்ப காளியாத்தா தினம் கனவுல வந்து, 'எங்கடா எனக்குச் சேர வேண்டிய காது'ன்னு கேக்குறா. என்ன செய்யச் சொல்றே?"

அவன் தலை மறைந்ததும் ராஜம்மா புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"காது மந்தமாகுற வயசுல காதுகுத்தாம்! மொய் வசூல் பண்ணக் கெழவன் போடுற வேஷம் இது. ஒரு புள்ளை அங்க காலு போயிருமோன்னு கெடக்கு, இவனுக்கு விசேஷம் கேக்குது!"

அய்யாவு தலையைச் சொறிந்தான். "வேஷம்தான், இல்லேங்கல. ஆனா நம்ம கல்யாணத்துக்கு ஒரு வெள்ளி, பெரியவ சடங்குக்கு ஒரு வெள்ளி வெச்சிருக்கானே. திருப்பாம இருந்தா நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாகணும்."

அதுதான் சங்கதி. இருபத்தைந்து வருஷமாகத் தோட்டத்தில் ஒரு கல்யாணம், ஒரு சடங்கு விடாமல் மொய் வைத்தவன் காளியப்பன். அவன் வீட்டில் விசேஷமே இல்லாததால் திருப்பிச் செய்ய யாருக்கும் வழி இல்லாமல் போயிற்று. இப்போது வழி பிறந்துவிட்டது. மொய் வைத்தவர் பேரையும் தொகையையும் ஊருக்கே கேட்கிற மாதிரி வேறு கத்துவார்கள். எவன் பின்வாங்குவான்?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரே கூட்டம்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தணும். மாமனுக்கு எங்கே போவது? ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்த மணியத்தைப் பிடித்து மாமனாக்கினார்கள். காளியப்பன் மடியில் ஏறினான். மாமனைக் காணோம்.

"யோவ், சீக்கிரம் குத்துங்கய்யா! எனக்கு மூச்சு நிக்கப்போவுது!" என்று அடியிலிருந்து சத்தம் மட்டும் வந்தது.

ஆசாரி வலது காதில் ஊசியை இறக்கினார்.

"அலமாக்!"

காளியப்பன் போட்ட அலறலில் கோயிலுக்குப் பின்னால் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதற்குப் பின்னாலேயே காளியப்பனும் ஓடினான். இடது காதைத் தொட விடவே இல்லை.

ஆனால் மொய் நிற்கவில்லை.

"தங்கராஜு, ரெண்டு வெள்ளீ!"

"அய்யாவு, ராஜம்மா, ரெண்டு வெள்ளீ!"

டின்னைப் பார்த்துக் கையை விரித்த அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். ராஜம்மாவுக்கு வயிறு எரிந்தது. அன்று சாயங்காலமே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று அவன் அறைக்குக் கிளம்பினாள்.

வாசலில் வெள்ளையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மடியில் ஏதோ முடிச்சு கனத்தது.

"அடிப்பாவி, இவன்கிட்டப் போயி வட்டிக்கு வாங்கினியா?"

"வட்டியா? நல்லா கேட்டீங்கக்கா! மொய்ப்பணத்தைப் பூராவும் எடுத்து என் மடியில கட்டிவிட்டுட்டாரு. நாளைக்குக் காலை ரயில்ல மூர்த்தியைக் கொண்டுபோறேன்."

ராஜம்மா கேட்க வந்த நாலு வார்த்தையையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். காளியப்பன் வீங்கின காதில் மஞ்சளை அப்பிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, அந்தப் புள்ளைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே அள்ளிக் குடுத்திருக்க மாட்டோமா?"

"அப்படியா? டின்ன தூக்கிட்டு அலைஞ்சியே, அதுல நீ எவ்வளவு தாயி போட்டே?"

"அஞ்சு காசு."

"என் காதுக்கு?"

ஊரில் இருக்கிற கோபமெல்லாம் வடிந்துபோய், வெட்கம் ராஜம்மாவைப் பிடுங்கித் தின்றது. அப்புறம் மெல்லக் கிட்டே வந்து காதோடு காதாகச் சொன்னாள்:

"அண்ணே, அந்த இடது காதை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க. அஞ்சாம் லயத்துல ஒரு புள்ளைக்குக் கண்ணு சரியா தெரியலையாம்."