தம்பியின் மூக்கு

"உன்னை நம்பி அப்பாவை விட்டுட்டுப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

காது மூக்கு தொண்டை டாக்டரின் அறை வாசலில், இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அக்கா பொரிந்து தள்ளினாள். தம்பி மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான். கைக்குட்டை பாதி சிவந்திருந்தது.

கை கால் விழுந்து, பேச்சும் போய், படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைப் பார்க்க அவள் வெளியூரிலிருந்து நேற்றுதான் வந்திருந்தாள். அப்பாவின் அறையில் அவளால் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை. படுக்கைப் புண்ணின் வாடை அப்படி. தம்பியோ அடிக்கொரு தரம் மாடிப்படிக்கு ஓடினான். பின்னாலேயே போய்ப் பார்த்தால், துரை அங்கே நின்று வேப் என்கிற மின்சிகரெட்டை இழுத்துக்கொண்டிருக்கிறார்! அதிலும் பழ வாசனைப் புகை.

இன்று காலை அப்பாவின் படுக்கை விரிப்பை மாற்றும்போது, அவன் மூக்கிலிருந்து ரத்தம் பொலபொலவென்று விரிப்பிலேயே கொட்டியது. கையோடு இழுத்து வந்துவிட்டாள்.

டாக்டரம்மா மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்சவ்வெல்லாம் காய்ஞ்சு, புண்ணாகி, பொருக்குத் தட்டிப் போயிருக்கு. வேப் பிடிக்கிறீங்களா?"

"ஆமா டாக்டர்."

கண்ணை மூடச் சொல்லி, காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டினார்.

"என்ன வாசனை?"

"ஒண்ணும் தெரியலை."

"உடனே நிறுத்துங்க. மருந்து எழுதறேன். சவ்வு மெதுவா ஆறும், வாசனையும் திரும்ப வரலாம். நிறுத்தலைன்னா நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்லை."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். அக்கா அவன் சட்டைப்பையிலிருந்து வேப்பை உருவி, குப்பைக் கூடையில் எறிந்தாள்.

"கேட்டுக்கிட்டியா? இன்னையோட தலைமுழுகு."

தம்பி குனிந்து அதை எடுத்தான். துடைத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டான்.

அக்காவுக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. "நீயும் படுத்துட்டா அவருக்கு யாருடா இருக்கா? அப்பாவைவிட இந்தக் கண்றாவி உனக்குப் பெரிசாப் போச்சா?"

"நடுவுல நிறுத்தித்தான் இருந்தேன்க்கா. வாசனையும் திரும்ப வந்துச்சு."

"அப்புறமென்ன கேடு?"

"ஒருநாள் அப்பாவைச் சுத்தம் பண்ணும்போது என்னையும் மீறிக் குமட்டிடுச்சு. அவர் என் மூஞ்சியையே பார்த்தாரு. அன்னையிலேர்ந்து ரெண்டு வாய்க்கு மேல வாங்க மாட்டேன்னுட்டாரு. ஊட்டப் போனா வாயை இறுக்கி மூடிப்பாரு. சாப்பிட்டாத்தானே நான் சுத்தம் பண்ணணும்? பாதியா இளைச்சுட்டாருக்கா."

அக்காவின் பார்வை அவன் சட்டைப்பைக்குப் போனது.

"மறுபடி பிடிக்க ஆரம்பிச்சேன். மூக்கு செத்துச்சு. முகம் சுளிக்காம துடைச்சுவிட்டேன். கொஞ்ச நாள் பார்த்துட்டு, அப்புறம்தான் நல்லா வாயைத் திறந்தாரு."

டாக்டர் எழுதி முடித்த சீட்டை நீட்டினார். தம்பி அதை வாங்கவில்லை.

"வெச்சிருங்க டாக்டர். அப்பா போனதுக்கப்புறம் வந்து வாங்கிக்கறேன்."